வடிவமைப்பாளர் கூற்று: எதற்காக, எப்படி

ஒரு பொருளை வடிவமைத்தவர், அது யாருக்காக உருவானது, எதைப் பார்த்து உருவானது, எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் செய்யப்பட்டது, கண்முன் இருந்த பல வழிகளில் இந்த ஒன்றைத் தேர்ந்தது ஏன் என்பவற்றைத் தம் பெயரிலேயே சுருக்கமாக எழுதித் தரும் குறிப்பே வடிவமைப்பாளர் கூற்று எனப்படும். சேலையின் முந்திக்கும், நைட்டியின் வெட்டுக்கும், பால்கோவா அடைத்து விற்கும் அட்டைப்பெட்டிக்கும், ஓர் அலுவலகத்தின் முத்திரைக்கும் இது எழுதப்படலாம். அரைப் பக்கம் முதல் ஒரு பக்கம் வரை இருந்தால் போதும். வாங்குபவரை ஈர்ப்பதற்காக எழுதப்படும் விளம்பர வாசகத்திலிருந்து இது வேறுபட்டது. அளவு, நூல் நம்பர், சாயத்தின் வகை ஆகியவற்றைப் பட்டியலிட்டு உற்பத்திக்கு அனுப்பும் தாளிலிருந்தும் வேறுபட்டது. அந்தத் தாள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. வடிவமைத்தவர் அருகில் இருக்கும்வரை அந்த 'ஏன்' வாய்ப்பேச்சிலேயே தீர்ந்துவிடுகிறது. பொருள் அவர் கையை விட்டுப் போனபின், அதிலும் அவர் காலத்துக்குப் பின், எழுதிவைத்தது மட்டுமே எஞ்சுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் எல்லார் கண்ணிலும் நாள்தோறும் படுகிற சான்று அரசு முத்திரையே. அசோகத் தூணின் சிங்கத் தலைப்பு, அதன் இருபுறமும் தேசியக் கொடி, பின்னணியில் ஒரு கோயில் கோபுரம் என அமைந்த இம்முத்திரை 1949-இல் நடைமுறைக்கு வந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியபின், சுற்றிலும் உள்ள எழுத்துகள் அதற்கேற்ப மாறினவேயன்றிக் கோபுரம் மாறவில்லை. வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அந்தக் கோபுரம் எந்த ஊருடையது என்று கேட்டால், பொது அறிவுப் புத்தகங்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே விடை தருகின்றன. அதாவது ஆண்டாள் கோயிலோடு சேர்ந்த வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் இக்கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ரெட்டியாருக்குப் பின் 1949-இல் முதலமைச்சரான பி.எஸ்.குமாரசாமி ராஜா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ராஜபாளையத்துக்காரர் என்பதும் இவ்வட்டாரத்தில் அச்செய்திக்கு வலுச்சேர்த்திருக்கக்கூடும். ஆனால் கிருஷ்ணராவ், தாம் வரைந்தது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று பின்னாளில் கூறியதாக அச்சில் வந்திருக்கிறது.

இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது இவ்வியலின் வேலையன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களின் பெருமிதமும், வரைந்தவர் வாய்மொழியும் ஒருசேர மதிக்கத்தக்கவை. வடிவமைப்புப் பயில்வோர் கவனிக்க வேண்டியது, இவ்விரண்டுக்கும் இடையே முடிவு சொல்ல வரைபடத்தால் முடியவில்லை என்பதையே. நேரில் பார்த்தால் இரு கோபுரங்களையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்: மதுரைக் கோபுரம் ஒன்பது நிலை, உடம்பெல்லாம் சுதைச் சிற்பங்கள் நிறைந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலை, சிற்பக் கூட்டம் இல்லாமல் உயரத்தாலும் கோடுகளாலும் நிற்பது. ஆனால் கடிதத்தாளின் தலைப்பில் விரல்நுனி அளவுக்கு அச்சிடப்பட வேண்டிய முத்திரையில் சிற்பமும் நிலையும் சுருக்கப்பட்டே ஆக வேண்டும்; சுருக்கியபின் எஞ்சுவது தென்னாட்டுக் கோபுரம் என்ற பொது உருவமே. "இன்ன கோயிலின் இன்ன வாயில் கோபுரத்தைப் பார்த்து வரையப்பட்டது, சிறிய அச்சில் தெளிவாகத் தெரிவதற்காக இன்னின்ன பகுதிகள் விடப்பட்டன" என்றோ, "எந்த ஒரு கோயிலையும் குறிக்காமல் கோபுரக் கலையையே குறிப்பது" என்றோ இரண்டு வாக்கியம் முத்திரையோடு சேர்ந்தே மக்கள் கைக்கு வந்திருந்தால், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் இந்த விவாதத்துக்கு இடமே இருந்திராது.

இதற்கு மறுபுறமாக இந்திய ரூபாய்க் குறியீட்டைச் சொல்லலாம். தமிழரான த. உதயகுமார் வரைந்து, 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற அக்குறியீடு, தேவநாகரி 'ர' எழுத்தும் செங்குத்துக் கோடு நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் இணைந்தது என்பதும், மேலே உள்ள இரு கிடைக்கோடுகள் மூவண்ணக் கொடியை நினைவூட்டுவன என்பதும் பள்ளி மாணவர்க்கும் தெரியும். வடிவமைத்தவர் தம் எண்ணத்தை விளக்கப் படங்களோடு முன்வைத்தார், அது குறியீட்டோடு சேர்ந்தே பரவியது. அந்த வடிவம் அழகானதா, எல்லா மொழியினர்க்கும் உரியதா என்று வாதிடுவோர் உண்டு. எங்கிருந்து வந்தது என்று வாதிடுவோர் இல்லை. கூற்று ஒன்றின் வேலை அவ்வளவே: அது விமர்சனத்தைத் தடுப்பதில்லை, விமர்சனம் சரியான இடத்தில் தொடங்க வழிசெய்கிறது.

எல்லா வடிவத்துக்கும் தாள் தேவையா என்ற கேள்வி இங்கே எழும். தேவையில்லை என்பதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சான்று உண்டு. ஆண்டாளின் இடக்கையில் வைக்கப்படும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ மூக்காகவும், மரவள்ளி இலை உடலாகவும், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் இறக்கையாகவும், அரளி மொட்டுகள் வாலாகவும், காக்காப்பொன் கண்ணாகவும் அமைய, எல்லாவற்றையும் வாழைநார் பிணைக்கிறது. ஒவ்வொரு பொருளும் நிறம், வளையும் தன்மை, வாடாமல் நிற்கும் நேரம் ஆகியவற்றுக்குப் பொருந்துவதை நின்று பார்ப்பவர் உணரலாம்: மரவள்ளியின் அகன்ற இலை உடலின் பச்சையைத் தருகிறது, மாதுளம்பூவின் தடித்த சிவந்த இதழ் மூக்கின் கூர்மையைத் தாங்குகிறது, நார் கட்டியும் கண்ணில் படாமல் மறைகிறது. இதைச் செய்வோர் கூற்று எழுதுவதில்லை. கையிலிருந்து கைக்கு நேரடியாகப் போகும் மரபில், செய்பவரும் கற்பவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, விளக்கம் வேலைக்குள்ளேயே இருக்கிறது. செய்பவரும் தீர்மானிப்பவரும் பயன்படுத்துபவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இடத்தில்தான் எழுத்து வேண்டியிருக்கிறது. ராஜபாளையம் வட்டாரத்தின் தொழில்கள் பெரும்பாலும் அத்தகையவை.

சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியை வடிவமைப்பு என்று யாரும் சொல்வதில்லை. அது வெள்ளையாக, பூவேலை எதுவுமின்றி, சல்லடைபோல் இருக்கிறது. ஆனால் காரணமில்லாத எதுவும் அதில் கிடையாது. இழைகள் நெருங்கினால் இரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும் வேகம் குறையும். மிக விலகினால் துணி உருக்குலையும். சிறு சதுரங்களாக மடிக்கும்போது வெட்டிய ஓரங்களை உட்புறம் தள்ளி மடிப்பது, பிரிந்த நூல் புண்ணுக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. வயிற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் பெரிய பஞ்சுத்துணிகளில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் நூல் ஒன்று சேர்க்கப்படுவது, துணி உடலுக்குள் தவறி நின்றுவிட்டால் கண்டுபிடிப்பதற்காக. இக்காரணங்களை எழுதிவைக்காத இடத்தில், செலவைக் குறைக்க நினைக்கும் புதிய மேலாளர் ஒருவர் முதலில் வெட்டுவது இந்த மடிப்பையோ அந்த நூலையோதான். பார்வைக்கு இரண்டும் வீண் செலவுபோலவே தோன்றும். கூற்றின் பயனை உணர விரும்புவோர் கலைக்கூடத்துக்குச் செல்லும் முன் இத்துணியை எடுத்து விரித்துப் பார்ப்பது நல்லது.

தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பகுதிகளின் நைட்டித் தொழில் வேறுவகையானது. அங்கே துணி ஓரிடத்திலும், அச்சு ஓரிடத்திலும், வெட்டு கட்டிங் மாஸ்டரின் மேசையிலும், தையல் வீடுகளிலும், விற்பனை வெளியூர்க் கடைகளிலும் நடக்கிறது. வடிவம் ஒன்று இத்தனை கைகளைக் கடக்கும்போது, ஒவ்வொரு கையிலும் சிறிது மாறுகிறது. சில மாற்றங்கள் நல்லவை, சில அந்த வடிவத்தின் உயிரையே எடுத்துவிடுபவை. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை அடுத்த கைக்குச் சொல்வது இத்தொழிலில் கூற்றின் முதன்மைப் பயன். கடைக்காரரிடம் காட்டுவதும், கல்லூரி நேர்காணலுக்குக் கொண்டுபோகும் கோப்பில் வைப்பதும் அதற்கு அடுத்தவை.

எழுதும் முறை

எழுதத் தொடங்குமுன் கேள்விகளைத் திரட்ட வேண்டும். இதில் இந்திய வடிவமைப்புத் துறைக்குக் கிடைத்த நல்ல பாடம் 1958-இல் வந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து அளித்த அறிக்கை, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று. அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்தது இந்தியச் சொம்பை. அதைப் புகழ்வதோடு நில்லாமல், இன்று ஒருவர் அதைப் புதிதாக வடிவமைப்பதாயின் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அடுக்கினர்: எவ்வளவு நீர் கொள்ளும், நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எப்படி நிற்கும், இடுப்பிலும் தலையிலும் எப்படி அமரும், ஊற்றும்போது நீர் எப்படி விழும், எப்படிக் கழுவுவது, என்ன விலையாகும், உடைந்தால் அந்த உலோகம் மீண்டும் பயன்படுமா என்றெல்லாம் அக்கேள்விகள் நீள்கின்றன. தம் பொருளைப் பற்றி இவ்வாறு பத்துக் கேள்வியாவது கேட்டுக்கொள்ளாதவர் எழுதும் கூற்று, பெரும்பாலும் பெயரடைகளின் தொகுப்பாகவே முடியும்.

அத்தகைய கூற்று எப்படி இருக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததே: "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் இந்தப் படைப்பு, பெண்மையின் மென்மையைப் போற்றுகிறது, காலத்தால் அழியாத நேர்த்தியுடன் ஒவ்வொரு இல்லத்தரசியின் மனத்தையும் கவரும்." இவ்வரிகளை எந்த நைட்டிக்கும், எந்தச் சேலைக்கும், சிறிது மாற்றினால் ஒரு குக்கருக்கும் ஒட்டிவிடலாம். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாக்கியம் கூற்றில் இடம்பெறத் தகுதியற்றது. வேறொரு பொருளின் பெயரை இட்டுப் படித்து, வாக்கியம் அப்போதும் பொருள் தந்தால் அதை அடித்துவிட வேண்டும் என்பது எளிய சோதனை.

இதற்கு மாறாக, பாலூட்டும் தாய்மார்க்கான பருத்தி நைட்டி ஒன்றுக்கு இவ்வாறு எழுதலாம். பொருளும் குறிப்பும் விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டவை:

"குழந்தை பெற்று முதல் ஓராண்டில் உள்ள தாய்மார், வீட்டிலும் மருத்துவமனையிலும் அணிவதற்கானது. ஜிப் நடுவில் வைக்கப்படாமல் இருபுறமும் மடிப்புக்குள் அமைக்கப்பட்டுள்ளது. குழந்தையின் கன்னம் படும் இடத்தில் ஜிப்பின் பல் உறுத்தக் கூடாது என்பதும், ஒரு பக்கம் திறக்கும்போது மறுபக்கம் மூடியிருக்க வேண்டும் என்பதும் காரணம். இதனால் தையல் நேரம் கூடுகிறது. கழுத்துப்பட்டியில் எம்பிராய்டரியை விட்டதன்மூலம் அந்தச் செலவு சரிக்கட்டப்பட்டது. அடர் நிறத் தரையில் சிறு பூ அச்சு தேர்ந்தெடுக்கப்பட்டது, பால் கசிந்த ஈரம் வெளியே தெரியாமலிருக்க. பாக்கெட் பக்கத்தையலோடு பிணைக்கப்பட்டுள்ளது. செல்போனின் கனத்தில் துணி முன்னால் இழுபடாது. அச்சின் நிறத்தை விற்பனைக்கேற்ப மாற்றலாம், ஆனால் வெளிர்நிறத் தரைக்கு மாற்றக் கூடாது. மடிப்பின் அகலம் கட்டிங் மாஸ்டரின் ஆலோசனைப்படி கூட்டப்பட்டது."

இக்குறிப்பில் அழகு என்ற சொல்லே இல்லை. ஆயினும் இதைப் படிப்பவர் அந்த ஆடையை மனக்கண்ணில் காண்கிறார், வடிவமைத்தவர் அந்தத் தாயைப் பற்றி எவ்வளவு எண்ணியிருக்கிறார் என்பதையும் அறிகிறார். கைவிட்டதைச் சொல்லும் வரி முக்கியமானது. எம்பிராய்டரி ஏன் இல்லை என்று கடைக்காரர் கேட்பார். அதற்கு விடை இருப்பதால் அது குறையாகத் தோன்றாமல் முடிவாகத் தெரிகிறது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற வரி உற்பத்தியாளருக்கானது. கட்டிங் மாஸ்டரின் பங்கைச் சொன்ன வரி நேர்மைக்கானது, அது விடப்படக் கூடாது. சேலைக்கு நெசவாளரும், அச்சுக்கு ஸ்கிரீன் போடுபவரும், பெட்டிக்கு அச்சகத்தாரும் இவ்வாறே குறிப்பிடப்பட வேண்டியவர்கள். தறியில் அமர்ந்தவர் சொன்ன திருத்தத்தால் சீரான கரையைத் தம் ஒருவர் சிந்தனையாக எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுந்திருப்பது வருந்தத்தக்கது.

மூலத்தைச் சொல்வதில் துல்லியம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எதற்கும் ஆண்டாள் பெயரைச் சூட்டுவது எளிது. முந்தியில் கிளி நெய்த ஒருவர் "ஆண்டாளின் அருளால் பிறந்த வடிவம்" என்று எழுதினால் பக்தி தெரியும், வடிவம் தெரியாது, "ஆண்டாள் கைக்கிளியின் வாலில் அரளி மொட்டுகள் அடுக்கப்படும் முறையிலிருந்து முந்தியின் அடுக்குக் கோடுகள் எடுக்கப்பட்டன, சேலையின் பச்சை மரவள்ளி இலையைப் பார்த்துத் தேர்ந்தது" என்று எழுதினால் இரண்டும் தெரியும். இதே துல்லியம் உண்மையைக் காக்கவும் வேண்டும். துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்கடி புவிசார் குறியீடு பெற்றது, அதாவது ஓர் ஊரின் பெயரோடும் செய்முறையோடும் பிணைந்த பொருளுக்குச் சட்டம் தரும் அடையாளம் அதற்கு உண்டு. ஸ்கிரீனில் அச்சிட்ட புள்ளிகளைப் 'புள்ளி அச்சு' என்றே கூற்றில் எழுத வேண்டும். முடிச்சிட்ட பெண்களின் உழைப்பை அச்சுக்கு ஏற்றிச் சொல்வது தவறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பெட்டி வடிவமைப்பவரும், பாலும் சர்க்கரையும் சுண்டிவரும் அந்தச் சுவை ஊருடையது, பெட்டியின் மடிப்பும் எழுத்தும் மட்டுமே தம்முடையவை என்ற வரம்பை உணர்ந்து எழுத வேண்டும். நெய் கசிந்து அட்டை கறைபடாமலிருக்க உள்தாளை எப்படி அமைத்தார், பேருந்துப் பயணத்தில் பெட்டி நசுங்காமலிருக்க என்ன செய்தார் என்பதே அவர் சொல்ல வேண்டிய செய்தி.

மொழிநடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழிலில் புழங்கும் சொற்களையே எழுத வேண்டும். பாவு, ஊடை, பைப்பிங், ஓவர்லாக் என்று பட்டறையில் சொல்வதைக் கூற்றிலும் சொன்னால் பட்டறையில் உள்ளவருக்கும் அது பயன்படும்.

சட்டத்தின் முன் கூற்று

வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் ஒரு வடிவத்தைப் பதிவு செய்யும்போது, விண்ணப்பத்தோடு தரும் படங்களில் 'புதுமைக் குறிப்பு' ஒன்று எழுதப்பட வேண்டும். புதுமை பொருளின் உருவத்தில் உள்ளதா, அமைப்பில் உள்ளதா, மேற்பரப்பின் கோலத்தில் உள்ளதா என்பதை அது ஓரிரு வரியில் சுட்டும். பொருள்கள் லொகார்னோ வகைப்பாடு என்னும் பன்னாட்டு முறைப்படி பிரிக்கப்படுகின்றன. தைத்த ஆடை இரண்டாம் வகுப்பிலும், துணி ஐந்தாம் வகுப்பிலும் அடங்கும். பதிவு முதலில் பத்து ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கும் பாதுகாப்புத் தரும். இச்சட்டம் கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தையே காக்கிறது, வேலை செய்யும் முறையைக் காப்பதில்லை. ஆகவே மேலே காட்டிய நைட்டிக் கூற்றை அப்படியே புதுமைக் குறிப்பாகத் தர முடியாது. ஜிப்பின் இடத்துக்கான காரணம் அங்கே எடுபடாது, அதனால் அமைந்த முன்புறத் தோற்றம் எடுபடும். ஆயினும் முழுக் கூற்றை முதலில் எழுதியவருக்கு அந்த ஓரிரு வரிகளைப் பிரித்தெடுப்பது எளிது.

சிறு உற்பத்தியாளர் பலர் அறியாத செய்தி ஒன்று இங்கே சொல்லப்பட வேண்டும். துணி அச்சுக்கான ஓவியத்தை வரைந்தவருக்குப் பதிப்புரிமை தானே உண்டு, பதிவு எதற்கு என்று கருதுவோர் உளர். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 15-ஆம் பிரிவின்படி, வடிவமாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் பயன்படுத்திவிட்டால், அவ்வடிவத்தில் பதிப்புரிமை முடிந்துவிடும். நைட்டித் தொழிலில் ஐம்பது என்பது ஒரே வெட்டில் தாண்டிவிடும் எண்ணிக்கை. மேலும், விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவெளியில் வெளிப்பட்ட வடிவம் புதியதாகக் கருதப்படுவதில்லை. ஆதலால் கூற்றை எழுதி, அடியில் வடிவமைத்தவர் பெயரையும் தேதியையும் இட்டு, முதல் மாதிரியின் படத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்வது முதல் வேலை; பதிவு வேண்டுமெனில் விண்ணப்பிப்பது இரண்டாம் வேலை; கடைக்காரரிடமும் கைப்பேசிக் குழுக்களிலும் காட்டுவது அதற்குப் பின்பே. இவ்வரிசையை மாற்றியவருக்குப் பதிவு கிடைப்பது அரிது.